நான் எழுதிக் கொடுத்த அரைப் பக்கம்

சுற்றுலா மேலாண்மை படிக்க இங்கிலாந்துக்குப் போனவள் நான். ஏற்காட்டில் பிறந்தவள் சுற்றுலாவைப் பற்றித் தெரிந்துகொள்ள விமானம் ஏறினாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு அப்போது வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் ஊருக்கு வருகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அடிவாரத்திலிருந்து வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு மேலே வருவார்கள். லேடீஸ் சீட் பாறை முனையில் நின்று போட்டோ எடுப்பார்கள். ஏரியில் அரை மணி நேரம் படகு. "கொடுத்து வெச்சவங்க நீங்கல்லாம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிப் போய்விடுவார்கள். அந்தப் படகில் நானும் அம்மாவும் ஒருநாள்கூட ஏறியதில்லை. அம்மாவுக்கு ஏரிக்குப் பக்கத்து லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற வேலை. யாரோ படுத்து எழுந்த விரிப்பை உருவிப் புது விரிப்பு போடுவாள், குளியலறையைத் தேய்ப்பாள், அடுத்த அறைக்குப் போவாள். "நீயாச்சும் இந்த வேலைக்கு வராம இருந்தாச் சரி சாமி" என்று சொல்லிச் சொல்லித்தான் என்னைப் படிக்கவைத்தாள். படிப்புக்குப் பாதி உதவித்தொகை கிடைத்தது. மீதிக்கு அவள் என்ன பாடுபட்டாள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

அங்கே போய் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்வது. வகுப்பு இல்லாத நாளெல்லாம் அதுதான். முதல் நாள் நான் விரிப்பின் மூலையை மடித்துச் செருகியதைப் பார்த்து, இதை எங்கே கற்றாய் என்று மேற்பார்வைக்காரி கேட்டாள். இந்தியாவில் பயிற்சி எடுத்தேன் என்றேன். பயிற்சியாம்! பள்ளி விடுமுறையில் அம்மாவோடு லாட்ஜுக்குப் போனதைத்தான் அப்படிச் சொன்னேன். அம்மாவிடம் போனில், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம்.

படிப்பு முடிந்தது, அங்கே வேறு வேலை கிடைக்கவில்லை, திரும்பி வந்தேன். இங்கே ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். என்னை அனுப்பிவைத்த சேலத்து ஏஜென்சியிலிருந்து அப்போதுதான் போன் வந்தது. மாணவர் அனுபவங்களைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்களாம், அரைப் பக்கம் எழுதித் தரவேண்டும், 'பார்த்த இடங்கள்' என்று ஒரு தலைப்பு கட்டாயம் வேண்டுமாம். நான் பார்த்த இடங்கள் கல்லூரி, என் அறை, ஹோட்டல், பஸ் ஸ்டாப். முதல் வாரத்தில் மட்டும் புது மாணவர்களைக் கல்லூரிப் பஸ்ஸில் ஓர் ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு மணி நேரம், அதிலும் பாதி மழை. அதை வைத்துக்கொண்டு, வாரக் கடைசிகளில் ஏரிக்கரையில் தோழிகளோடு கழித்ததாக எழுதினேன். அன்றைக்கு எடுத்த படத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன், அதையும் அனுப்பினேன். ஏஜென்சிக்காரர்கள் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்க எனக்கு வழியே இல்லை.

புத்தகம் வந்ததும் அம்மா அதை லாட்ஜுக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டினாள். அவளோடு வேலை செய்கிற கிளியூர்க்கார அம்மா ஒருத்தி அதை வாங்கிப்போய், வெளிநாட்டில் படிக்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்த தன் மகளிடம் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணின் கையில் வேலைக் கடிதம் இருந்தது. சேலத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, மறுநாளே சேர வேண்டும். சேர்ந்தால் வெளிநாட்டு யோசனையை விட்டுவிட வேண்டியதுதான்.

"ஏனுங்க்கா, நீங்க எழுதுனதெல்லாம் நெசந்தானுங்களா?" என்று கேட்டாள். சந்தேகத்தில் கேட்கவில்லை. என் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்ற ஆசை.

அம்மா அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றும் சத்தம் நின்றது. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் கேட்கும். இத்தனை வருடம் விரிப்பு மாற்றி, விரிப்பு மாற்றவா மகளை அனுப்பினோம் என்று நொந்துபோவாள்.

"நெசந்தான். நொம்ப நல்லா இருக்கும், போய்ட்டு வா" என்றேன். அந்தப் பெண் அந்த வேலையில் சேரவில்லை.

அவள் போனது நான் படித்த அதே ஊர், அதே கல்லூரி. மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். "நானும் நீங்க இருந்த அதே ஹோட்டல்ல ரூம் வேலைதானுங்க்கா. உங்களை நல்லாத் தெரியும்னு மேனேஜரம்மா சொன்னாங்க" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் திட்டவில்லை. "எங்கம்மா உங்க ஊட்டுக்கு வருவாங்க. எனக்கு ஆபீஸ் வேலைன்னு சொல்லீருங்க்கா. நீங்க சொன்னா நம்புவாங்க" என்றாள்.

அந்த அம்மா வந்தாள். "எம்புள்ள சொல்றது ஒன்னும் வெளங்கல கண்ணு. அதுக்கு என்ன வேலைன்னு நீ வெவரமாச் சொல்லு" என்றாள். மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பழகிய வாய், தடங்கலே வரவில்லை. அவள் முகம் மலர்ந்துபோய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவளை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த என் அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "அந்தப் புள்ளையும் ரூம் வேலைக்குத்தான் போகுதா?"

நான் அந்த அம்மா குடித்துவிட்டு வைத்த தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

"ஏர்போர்ட்ல நீ வந்து எறங்குன அன்னைக்கே உன் கையப் பாத்தேன் கண்ணு. பாத்ரூம் கழுவுற மருந்துத் தண்ணியில வெடிச்ச வெரலு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அது வந்து கேட்டப்ப, நீ உள்ளதச் சொல்லீருவேன்னுதான் காப்பிய ஆத்தாம நின்னுட்டிருந்தேன்."

"நீ சொல்லியிருக்கலாமில்லம்மா?"

"எம்புள்ள பொய் சொல்லுதுன்னு நாலு பேரு முன்னால நான் எப்படிச் சொல்றது?"

அந்தப் பெண் வந்து கேட்ட அன்றைக்கு வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம். உண்மை தெரியாமல் இருந்தது அந்தப் பெண்ணுக்கும் அவளைப் பெற்றவளுக்கும் மட்டும்தான்.