பார்ட்லியின் கடைசிப் பயணமும் கோல்மனின் காரும்

கோல்மன் டார்சியின் வாயை அடைக்க யாராலும் முடிந்ததில்லை. அயர்லாந்தின் மேற்கே கானமாரா வட்டாரம் முழுக்க ரொட்டி வேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். புற்றுநோய் வந்த பிள்ளைகளையும் பெற்றோரையும் கால்வே நகர ஆஸ்பத்திரிக்குக் காசு வாங்காமல் கூட்டிப் போகும் சங்கத்தில் சேர்ந்தபோது ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நோயைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்கக் கூடாது, எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, அவர்கள் பேசினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றார்கள். தான் எவ்வளவு பொறுமையாகக் கேட்கிற ஆள் என்று விளக்க எழுந்தார் கோல்மன். அவர் உட்காருவதற்குள் எல்லோருடைய மதியச் சூப்பும் ஆறிப்போனது. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்துக் குண்டும் குழியுமான ரோட்டுக்கு வேறு எவன் வருவான்?

நெஸாவுக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். அவளையும் அவள் அம்மா ப்ரோனாவையும் வாராவாரம் கூட்டிப் போவது கோல்மன்தான். வழியெல்லாம் ஆடு, அரசாங்கம், தன் முட்டிவலி என்று ஓயாமல் பேசுவார். பிள்ளை வாந்தியெடுக்கும்போது மட்டும் மரியாதைக்காக நிறுத்துவார். வாயைத் துடைத்துக்கொண்டு, "ம், அப்புறம்?" என்பாள் அவள்.

இந்த வைத்தியம் நடக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கவே கூடாது. உடம்பில் எதிர்த்து நிற்கத் தெம்பிருக்காது, அற்பக் கிருமிகூட ஆளைத் தூக்கிவிடும். மார்ச் மாதம் ஒரு காலையில் நெஸாவின் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆம்புலன்ஸ் எங்கோ தூரத்தில் இருந்தது. ப்ரோனா போன் செய்ததும் கோல்மன் சட்டைப் பொத்தானை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

ஏரித் திருப்பம் தாண்டியதும் பார்த்தால், முன்னால் சவ ஊர்வலம். ஐயோ, நம்ம ஊர்ப் பார்ட்லிக்கு இன்றைக்குத்தானே அடக்கம்! கோல்மனும் போயிருக்க வேண்டிய அடக்கம்தான். இரண்டு பக்கமும் கல் சுவர், ஒதுங்க ஓர் அங்குலம் கிடையாது. இருந்தாலும்தான் என்ன, சவ வண்டியை முந்திப் போனவன் எங்கள் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை. பார்ட்லியும் உயிரோடிருந்த காலத்தில் டிராக்டரில் போனால் பின்னால் வருகிறவனுக்கு வழி விட்ட மனிதரில்லை.

பின் சீட்டில் ப்ரோனாவின் முகத்தைப் பார்த்தார் கோல்மன். அவ்வளவுதான், காரை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். ஊர்வலம் போன வேகத்துக்கு ஓடியே பிடிக்கலாம்.

அங்கேதான் வந்தது வினை. துக்கம் விசாரிக்கத்தான் மனிதர் இவ்வளவு பாடுபட்டு ஓடி வருகிறார் என்று ஒவ்வொரு காரிலும் கண்ணாடி இறங்கி ஒரு கை நீண்டது. நீட்டிய கையைக் குலுக்காமல் போனால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். குலுக்கினார், ஓடினார், குலுக்கினார். பார்ட்லியின் மச்சான் ஒருவர் கையை விடாமல் அவருடைய குணநலன்களை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். பேச்சில் ஒருவரிடம் மாட்டிக்கொள்வது எப்படியிருக்கும் என்று கோல்மனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மூச்சு வாங்க, சவ வண்டிக்கு அடுத்திருந்த முதல் காரை எட்டினார். உள்ளே பார்ட்லியின் மனைவி டெலியா, தலையில் கறுப்புத் தொப்பியோடு.

"டெலியாக்கா, உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன். ஆனா வண்டியில நெஸா இருக்கா. காய்ச்சல். போயே ஆகணும்."

டெலியா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, சவ வண்டி ஓட்டும் ஷாமஸை வேகமாக மிதிக்கச் சொன்னார். ஷாமஸ் திரும்பிப் பார்த்தான். பெட்டியை வைத்துக்கொண்டு எப்படிம்மா வேகமாகப் போவது என்றான்.

"அவருக்கு இனிமே என்னடா ஆயிடப் போவுது? மிதி!"

மிதித்தான். கோல்மன் தன் காருக்குத் திரும்பி ஓடி ஏறினார். மலர்வளையங்கள் சுவருக்கு மேலே பறந்தன. மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தன. மொத்த ஊர்வலமும் மாதாகோயில் வாசலுக்குள் திபுதிபுவென்று திரும்ப, பாதிரியார் வாயில் முட்டையோடு வெளியே ஓடி வந்தார். வழி திறந்தது. சிவந்த முகத்தோடு நெஸா எல்லோருக்கும் கையசைத்தாள். ப்ரோனா சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். கோல்மன் ஆக்ஸிலேட்டரில் வைத்த காலை கால்வே வரை எடுக்கவில்லை.

ரத்தத்தில் கிருமி கலந்திருந்தது. அந்த வாரம் முழுக்கப் பிள்ளை கண் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள். என்ன ஆகுமென்று டாக்டர்களே சொல்லவில்லை. கோல்மன் தன் தொழுவத்துக்குப் போய் ஆடுகளுக்கு நடுவே நின்று அழுதுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ப்ரோனா போன் செய்தாள். கோட்டைக்கூட மாட்டாமல் நேரே டெலியா வீட்டுக்குப் போனார் கோல்மன். ஊர்வலத்தைக் குலைத்ததற்கு மன்னிப்புக் கேட்க நிறைய யோசித்து வைத்திருந்தார். டெலியா அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"புள்ள எப்படியிருக்கா, அத மொதல்ல சொல்லு."

"காய்ச்சல் விட்டுடுச்சுக்கா. எந்திரிச்சு உட்கார்ந்து டோஸ்ட் கேட்டாளாம்."

புருஷன் செத்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத டெலியா, கையிலிருந்த கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

"வாரம் பூரா இந்த வீட்டுக்கு ஆளுங்க வந்துட்டே இருக்காங்க தம்பி," என்றார். "நல்ல சேதி கொண்டாந்தவன் நீ ஒருத்தன்தான்."