மயக்கம் தெளிகையில் பாப்பா சொன்னது

நந்தகுமார் ரிக் வண்டியில் இருந்தவரைக்கும் மகளுக்கு அவன் போனில் வரும் ஒரு குரல்தான். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் சத்தீஸ்கர் பக்கம் எங்காவது ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பான். மழைக்காலத்தில் ஊர் திரும்புவான். அப்போதும் மகள் தேவிப்ரியா, அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒண்டி நின்றே அவனைப் பார்ப்பாள்.

அவளுக்கு நான்கு வயது முடிந்த சமயம், காய்ச்சல் விடாமல் அடித்தது. காலெல்லாம் நீலத் திட்டுகள். சேலத்து ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மனைவி வசந்தாமணிக்கு அப்போதுதான் பையன் பிறந்திருந்தான். பச்சைக் குழந்தையோடு அவள் வார்டில் தங்க முடியாது. நந்தகுமார் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான்.

“இது குணமாகிற வகைதான்,” என்றார் டாக்டரம்மா. “ஆனா ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். நடுவுல நிறுத்தவே கூடாது.”

“சரிங்க,” என்றான்.

“நீங்க வேண்டாம். அம்மா வரட்டும்,” என்று பாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தான். அதட்டவும் தெரியவில்லை, கொஞ்சவும் வரவில்லை.

முதுகில் ஊசி போடும் நாளில் மயக்க மருந்து கொடுத்தார்கள். மயக்கம் தெளிகையில் பாப்பா பாதிக் கண் திறந்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்:

“மலை கீழ எறங்கி வந்துச்சு.”

“எந்த மலை சாமி?”

“நம்மூரு மலை. குளத்துல தண்ணி குடிச்சுப்போட்டு மேல போயிருச்சு.”

“பாவம், தாகமா இருந்துருக்கும்,” என்றான்.

அவள் தலையைத் திருப்பி அவனை முழுசாகப் பார்த்தாள். “ஆமாங்கப்பா,” என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஊசிக்கும் அவள் எதையாவது கண்டுவந்து சொன்னாள். ஒருமுறை முட்டை லாரி பறந்ததாம், ஒரு முட்டைகூட உடையவில்லையாம். “டிரைவர் யாரு கண்ணு?” என்று கேட்டான். “நீங்கதான்” என்றாள்.

பஸ்ஸில் ஊர் திரும்புகையில் அவள் அவன் தோளில் தூங்குவாள். வெளியே கோழிப் பண்ணைகளும் தென்னைகளும் அந்தி வெளிச்சத்தில் மெல்ல மிதந்து போகும். அவள் கனவு எங்கே முடிகிறது, வெளியே இருக்கும் காடுதோட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவனுக்கே சில சமயம் பிடிபடாது. மாத்திரை தந்த பசியில் விடிவதற்குள் எழுந்து உருளைக்கிழங்கு வறுவல் கேட்பாள். அதே மாத்திரையால் உப்பிய கன்னங்களோடு அவள் சாப்பிடுவதைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டாவது மழைக்காலத்தில் ரத்த அணுக்கள் குறைந்துபோய்க் காய்ச்சல் வந்தது. தனி அறையில் கிடத்தினார்கள். நாட்கணக்கில் அவள் எதுவும் சொல்லவில்லை. கூப்பிட்டால் இமை மட்டும் லேசாக அசையும்.

அந்த மௌனம் தாங்காமல் நந்தகுமார் பேச ஆரம்பித்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவன், முகக்கவசத்துக்குள்ளிருந்து மணிக்கணக்காகப் பேசினான். காட்டுக்குள் ரிக் போட்ட கதை. துளைத்த பாறையின் வெள்ளைப் பொடி படிந்து ஆட்களெல்லாம் பேய்போல நின்றது. திடீரென்று தண்ணீர் பீறிட்டு மரத்து உயரத்துக்கு எழ, அந்த ஊர்ப் பிள்ளைகள் உச்சிவெயிலில் அதில் குதித்தாடியது.

வசந்தாமணி போனில் கேட்டாள்: “ஏனுங்க, கண்ணத் தொறந்தாளா?”

“இன்னுமில்ல மணி. பேசிட்டேதான் இருக்கறேன்.”

ஒரு காலையில் காய்ச்சல் இறங்கியது. போர்வைக்குள்ளிருந்து மெலிந்த குரல் வந்தது. “அப்பா, அந்தப் புள்ளைங்க நனைஞ்சாங்களே, சளி புடிக்கலையா?”

“புடிக்கல சாமி,” என்றான். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போன கோடையில் மருந்துகள் நின்றன. பரிசோதனை மட்டும் தொடர்கிறது. முழுக்கக் குணம் என்று சொல்ல இன்னும் சில வருஷம் போகட்டும் என்கிறார் டாக்டரம்மா. தேவிப்ரியா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். புதிதாக முளைத்த முடி சுருள்சுருளாக இருக்கிறது. நந்தகுமார் வடக்கே போகவில்லை. ஊரிலேயே ரிக் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்துகொண்டான்.

அவள் ஒரு தும்மல் போட்டாலும் அவன் கை அவள் நெற்றிக்குப் போய்விடுகிறது.

“சும்மா தும்மல்தாங்கப்பா,” என்று அந்தக் கையை விலக்கிவிட்டு, தம்பியைத் துரத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள்.