ராடோவனின் சிவப்பு டிராமில் விழுந்த குழிகள்

எங்கள் எதிர்வீட்டு ராடோவன் செக் நாட்டு ஆஸ்ட்ராவா நகரத்து டிராம் பணிமனையில் கதவுகளைப் பழுது பார்க்கிறவன். பகலெல்லாம் பெரிய டிராம்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒரு சாண் நீளத்துக்குக் குட்டி டிராம் செய்வான். படிக்கட்டு, விளக்கு, ஜன்னல் எல்லாம் அச்சு அசல். பெயிண்ட்தான் அவனைப் படுத்தி எடுத்தது. ஸ்ப்ரே டப்பாவை வெந்நீரில் வைத்து, நன்றாகக் குலுக்கி, மெல்லிசாக மூன்று பூச்சு அடிப்பான். கோடையில் கண்ணாடிபோல வரும். குளிர் தொடங்கினால் போதும், பெயிண்ட் அங்கங்கே விலகிக் குண்டூசித் தலை அளவுக்குக் குழி குழியாக நிற்கும்.

பழியைத் தூக்கிச் சமையலறைமேல் போட்டான். எண்ணெய்ப் புகை மிதந்து வந்து பிளாஸ்டிக்கில் படிகிறதாம். குளிர்காலத்தில் வீட்டில் எதையும் பொரிக்கக் கூடாது என்று மனைவி ஸ்வதாவாவை அவள் அக்கா குடும்பத்தார் முன்னாலேயே திட்டிச் சொல்லிவிட்டான். கிறிஸ்துமஸ் ராத்திரி கெண்டைமீன் பொரிக்காத வீடு எங்கள் ஊரில் உண்டா? மூன்று வருஷம் பாவம் அவள் அவித்த மீனைத் தின்றாள். இந்த டிசம்பரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓபாவாவிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டுமென்றே அவன் கதவைத் தட்டினேன்.

மேஜையில் ஒரு உருளைக்கிழங்கு. அதில் சிவப்பு அடித்த பிளாஸ்டிக் கரண்டிகள் செருகியிருந்தன. டிராமில் அடிக்குமுன் கரண்டியில் அடித்துப் பார்ப்பது அவன் வழக்கம்.

"அடுப்பே பத்தவைக்கலக்கா. ரொட்டியும் சீஸும்தான் தின்னேன். அப்பவும் பாருங்க, குழி!"

"அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு ஆச்சா?"

"அதான் எனக்கும் ஒண்ணும் புரியல."

திட்ட வந்த எனக்கும் காரணத்தைக் கண்டுபிடிக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. மேஜையிலிருந்த கரண்டிப் பாக்கெட்டிலிருந்து புதுசு ஒன்றை உருவி, காம்பைப் பிடித்து அவன் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். "இதுல அடி பாப்போம்."

அடித்தான். ஒரு குழி இல்லை. விளக்கில் என் மூக்கே அதில் தெரிந்தது.

அவனுடைய கரண்டிகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழிகள் எல்லாக் கரண்டியிலும் நடுவிலேயே மொய்த்துக் கிடந்தன.

"அடிக்கிறதுக்கு முன்னாடி என்னப்பா பண்ணுவே?"

"தூசி இருக்கான்னு கட்டைவிரலால ஒரு தடவை தடவிப் பாப்பேன்."

"நீ தடவின இடத்துலதான் குழி இருக்கு."

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "பனி விழுந்தா டிராம் கதவு ரப்பர் உறைஞ்சு ஒட்டிக்கும். ஒட்டாம இருக்க சிலிக்கோன் எண்ணெய் அடிப்போம். நாள் முழுக்க அதான் வேலை."

"கை கழுவ மாட்டியா?"

"கழுவாம இருப்பேனா? அது லேசுல போகாது, பட்ட இடத்துல பெயிண்டும் நிக்காது. சட்டைக் கையிலகூட இருக்கும்."

என் வீட்டுக்கு ஓடிப்போய் புது ரப்பர் கையுறை எடுத்து வந்தேன். அவன் சட்டையை மாற்றி, கையுறை மாட்டி, இன்னொரு கரண்டியை எடுத்துத் தடவிவிட்டு அடித்தான். பளபளவென்று வந்தது. "அக்கா, கண்டுபிடிச்சிட்டோம்!" என்று குதித்தான். குதித்தவன் ஸ்வதாவாவின் நினைவு வந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "வந்துடு ஸ்வதாவா. இனிமே நீ பொரிச்சுக்கோ. பரவால்ல, நான் அனுசரிச்சுக்கறேன்."

அட பாவி! முதுகில் ஒன்று வைத்தேன். "அனுசரிக்கிறியா நீ? உள்ளதச் சொல்லு. இல்லேன்னா நான் சொல்றேன்."

அவன் போனை நோக்கிக் குனிந்தான். "உன் எண்ணெயில்லை. என் கைதான். வேலையில அடிக்கிற சிலிக்கோன். மன்னிச்சுடு."

"மூணு வருஷம், ராடோவன். அடுப்பு மூட்டும்போதெல்லாம் திருடி மாதிரி நின்னேன்."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது."

"ஆமா. தெரியாது."

"நான் வரல. கிறிஸ்துமஸுக்கு நீ இங்க வா. எங்கக்கா, மாமா, பசங்க எல்லார் முன்னாடியும் இதச் சொல்லு."

"எல்லார் முன்னாடியுமா?"

"என்னைத் திட்டினது எல்லார் முன்னாடியும்தானே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் போனைக் கைகாட்டினேன்.

"வர்றேன்," என்றான்.