சீனித்தம்பி கூட்டிய அங்குலங்கள்

கல்லடியில் சீனித்தம்பியிடம் சட்டை தைக்காத ஆண்பிள்ளை அந்தக் காலத்தில் குறைவு. ஆளைக் கண்டதுமே காலர் பதினைந்தா பதினைந்தரையா என்று சொல்லிவிடுவார். ஆனால் ஒரு மனிதன் எத்தனை அடி உயரம் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். தோள், நெஞ்சு, கை, இடுப்பு, கால் நீளம் இவ்வளவும் தெரிந்தால் தையல்காரனுக்குப் போதும். முழு ஆளின் உயரத்தை வைத்து அவன் என்ன செய்வது?

ஊர்க் கூடைப்பந்துக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். பந்தைத் தொட்டதே இல்லை. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அதற்காகப் பிடித்துப் போட்டார்கள். 2004 ஆவணியில், சண்டை நின்று பாதைகள் திறந்திருந்த நாளில், கொழும்பிலிருந்து ஒரு சுற்றுப்போட்டிக்கு அழைப்பு வந்தது. ஒவ்வொரு விளையாட்டுக்காரனின் உயரமும் நிறையும் வேண்டும், அச்சடித்துப் புத்தகமாகப் போடப்போகிறோம் என்று கேட்டிருந்தார்கள்.

பெடியன்கள் கடைக்கு வந்து வாயால் சொன்னார்கள், இவர் எழுதினார். நிஷாந்த்தான் கழகத்திலேயே நெடுத்தவன்.

"ஆறடி ஒண்டு போடுங்க மாமா."

சீனித்தம்பி ஆறடி மூன்று என்று எழுதினார். அறுபத்தெட்டுக் கிலோக்காரனை எண்பத்திரண்டு ஆக்கினார். தோய்த்தால் சுருங்கும் என்று துணியைக் கொஞ்சம் விட்டு வெட்டுவது அவர் பழக்கம், அந்தப் பழக்கத்தில் பன்னிரண்டு பேருக்கும் இரண்டிரண்டு அங்குலம் கூட்டிவிட்டார். கொழும்பான் பார்த்துக் கொஞ்சம் பயப்படட்டுமே என்ற நினைப்பு வேறு.

கொழும்பான் பயப்படவில்லை. முப்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்து அனுப்பினான். அவர்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை, ஆறடி ஐந்து என்று அச்சடித்திருந்தவன் நிஷாந்தின் காதளவுதான் இருந்தான். திரும்பி வரும் பஸ்ஸில் பெடியன்கள் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தார்கள். "அடுத்த முறை எனக்கு ஏழடி எழுதுங்க மாமா, பந்த வளையத்துக்குள்ள கையால வெச்சிட்டு வாறன்" என்றான் நிஷாந்த். புத்தகத்தில் எதை எழுதினாலும் ஆட்டம் ஆட்டம்தான், உயரத்தால் யாருக்கு என்ன வந்தது என்று சீனித்தம்பியும் சேர்ந்து சிரித்தார்.

அதே வருட மார்கழியில் கடல் வந்தது. சீனித்தம்பியும் மனைவியும் பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். கடை போயிற்று, அளவுக் கொப்பி போயிற்று, மெசின் வாவிச் சேற்றில் தலைகீழாகக் கிடந்தது. வீட்டில் தனியே இருந்த நிஷாந்தைக் காணவில்லை.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா, துசாந்தினி. தாய் தகப்பன் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் கலியாணம் முடித்து அமிர்தகழியில் இருந்தாள். தம்பி பெருமையாகக் கொடுத்த கொழும்புப் புத்தகம் அவளுடைய அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் காணாமல் போனோர் படிவத்தை நிரப்பினாள்.

அடையாளம் தெரியாமல் புதைத்தவர்களின் பட்டியலில் ஒருவனுக்கு இடது முழங்காலில் பழைய தழும்பு என்று இருந்தது. சீமெந்துத் தரையில் விழுந்து விழுந்து நிஷாந்துக்கும் அதே இடத்தில் தழும்பு. பட்டியலோடு இருந்த படத்தில் முகம் ஊதிப்போய் ஒன்றும் விளங்கவில்லை. உயரம் ஐந்தடி பதினொன்று என்று எழுதியிருந்தார்கள்.

"நாலு அங்குலம் கட்டையா? இது என்ட தம்பி இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சீனித்தம்பி அப்போது பக்கத்தில்தான் நின்றார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என்னத்தைச் சொல்வது? இரண்டு அங்குலத்தைக் கழித்தாலும் ஆறடி ஒன்றுதானே, அப்போதும் பொருந்தவில்லையே. நிஷாந்தும் தன் பங்குக்குக் கூட்டிச் சொல்லியிருப்பானோ? அளந்து பார்த்தவர் யார்? பொல்லாத கோழைத்தனம் என்று பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டார், அன்றைக்குப் பேசாமல் நின்றதுதான் மிச்சம்.

ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் மாமாங்கக் கோயில் குளத்தடியில் துசாந்தினியின் சித்தப்பா அவளுடைய தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்வார். தம்பி பெயரையும் சொல்லவா என்று கேட்டால் இவள் சீறி விழுவாள். உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதா?

2009 ஆடியில், அமாவாசைக்குச் சில நாள் முன்பு, யுத்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, அவள் சீனித்தம்பியின் புதுக் கடைக்கு ஓடிவந்தாள். கையில் ஒரு படிவம்.

"மாமா, வவுனியாவில ஒரு முகாமில நெட்டப் பெடியன் ஒருத்தன் இரிக்கானாம். பேர் ஊர் ஒண்டும் சொல்றான் இல்லையாம். கண்ட ஆக்கள் சொன்னவங்க, ஆறடி மூண்டு வருமாம். உங்கட கையெழுத்தில வடிவா நிரப்பித் தாங்க."

பெயரை எழுதினார். விலாசத்தை எழுதினார். உயரம் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது.

"ஆறடி மூண்டு மாமா, மறந்திட்டீங்களா?"

"அது நான் கூட்டி எழுதினது புள்ள." பேனையை மேசையில் வைத்தார். "அவன் ஆறடி ஒண்டு எண்டான். அதுவும் சரியோ பிழையோ தெரியா. ஒருத்தனையும் நான் அளக்கல்ல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ தன் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"என்ட தலையில நாடிய வெச்சுக்கொண்டுதான் அவன் டீவி பார்க்கிற. நிமிர்ந்து நிண்டா சரியா உச்சியில நிக்கும். என்ன அளந்து பாருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்றாள். தையல் நாடா அறுபது அங்குலத்தோடு முடிந்துவிட்டது. சோக்கட்டியால் சுவரில் கோடு போட்டு மிச்சத்தை அளந்தார். அறுபத்திரண்டு. அவனுடைய தலைக்குப் பதிலாகத் தன் மோவாய் நாடியிலிருந்து உச்சி வரைக்கும் நாடாவைப் பிடித்துப் பார்த்தார். ஒன்பது. இன்னொரு தடவை அளந்தார். ஒன்பதுதான்.

"எவ்வளவு மாமா?"

"எழுபத்தொண்டு." பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "அஞ்சடி பதினொண்டு."

உடனே அவசரம் அவசரமாகத் தொடங்கினார். அந்த உயரத்தில் இந்த மாவட்டத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள், தழும்பு இல்லாத முழங்கால் எந்த விளையாட்டுக்காரனுக்கு இருக்கிறது, முகாமுக்கும் ஒருதரம் போய்ப் பார்த்துவிடலாம், நானும் கூட வாறன் என்றெல்லாம் சொன்னார். தான் அவளைத் தேற்றுகிறோமா, தன்னைத்தான் தேற்றிக்கொள்கிறோமா என்று அவருக்கே புரியவில்லை. உண்மையைச் சொன்னது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

துசாந்தினி படிவத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"தர்ப்பணத்துக்கு ஐயரிட்டக் குடுக்க எழுதித் தாங்க. அப்பாட பேர மேல போடுங்க. அவன்ட பேரக் கீழ போடுங்க."

முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தார். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மடித்தாள்.

"நாலு அமாவாசை மாமா" என்றாள். "நாலு அமாவாசையும் என்ட தம்பியப் பட்டினி போட்டுட்டன்."