இன்னாசியம்மாள் செய்த தூசிக் கூம்பு

இன்னாசியம்மாள் இருமினால் சிலுவைமுத்துவுக்குக் கோபம் வரும். சாப்பிடும்போது இருமினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான். கோயிலில் பூசை நேரத்தில் இருமிவிட்டால் வீட்டுக்கு வந்து அடிப்பான். "ஊரே திரும்பிப் பாக்குது. நான் இன்னாமோ உனக்குச் சோறு போடாத மாதிரி" என்பான்.

அவள் பெருமுக்கல்லிலிருந்து மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். குழந்தை கிடையாது. சிலுவைமுத்து தச்சன். கதவு, சன்னல், கட்டில், உப்பளத்துக்கு உப்பு வாரும் பலகை என்று எது கேட்டாலும் செய்வான். அந்தப் பக்கத்தில் மோட்டார் வைத்த வட்ட ரம்பத்தை முதலில் வாங்கியவனும் அவன்தான். வீட்டின் பின்னறையில் அதைப் பூட்டினான். பின்னறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே கதவு கிடையாது.

ரம்பம் ஓடினால் மரத்தூள் புகைபோல் எழும். ஆரம்பத்தில் அது பின்சன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் உப்பளம். ஆனி மாதம் மேல்காற்று பிடித்ததும் தூள் முழுவதும் பாத்திகளின் மேல் போய் இறங்கியது. அந்தப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் சிங்காரம். ஒருநாள் கை நிறைய உப்பை அள்ளிக்கொண்டு வந்து ரம்ப மேசைமேல் கொட்டினார். உப்பு பழுப்பாக இருந்தது.

"ஏம்பா சிலுவை, இது உப்பா, கோதுமை மாவா? வியாபாரி லாரியோட திருப்பிட்டான். இன்னொரு தபா உன் தூள் என் பாத்தியில வுழுந்துதுன்னா கம்பத்துலேர்ந்து ஒயரை அறுத்துடுவேன்."

பெரிய மனிதர்கள் முன்னால் சிலுவைமுத்துவுக்குக் குரலே எழும்பாது. "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டி அனுப்பிவைத்தான். அன்றைக்கே பின்சன்னலைப் பலகை வைத்து அறைந்து மூடினான்.

அதற்குப்பிறகு தூசி வீட்டிலேயே தங்கியது. சோற்றில் கடித்தது. தண்ணீர்ப் பானையில் ஏடு கட்டியது. இன்னாசியம்மாள் ஈரச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். படுத்தால் மூச்சு அடைத்தது, அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ரம்பத்தை வெளியே கொட்டகைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள்.

"மோட்டாரைத் திருடினு போனா உங்கப்பனா வாங்கித் தருவான்?"

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தூசியே இல்லாத இடத்தில் இருக்கச் சொன்னார். சிலுவைமுத்து பக்கத்தில்தான் நின்றான். வரும் வழியில் பஸ்ஸில், எல்லோருக்கும் கேட்கும்படி, "தூசியில்லாத எடம் கல்லறைதான். போறியா?" என்றான்.

அறுப்புக் காலத்தில் அவள் தாய்வீட்டுக்குப் போனாள். அண்ணன் நெல்லைத் திண்டிவனம் மில்லுக்கு ஏற்றியபோது துணைக்குக் கூடப்போனாள். உள்ளே அவ்வளவு பெரிய மில் ஓடியும் உமி பறக்கவில்லை. அது அவளுக்கு அதிசயமாக இருந்தது. வெளியே வந்து பார்த்தாள். கூரைமேல் ஒரு பெரிய தகரக் கூம்பு, தலைகீழாய், கூர் கீழே இருக்கும்படி நின்றது. காற்றும் உமியும் குழாய் வழியாகப் பக்கவாட்டில் அதற்குள் போயின. மேலே வெறும் காற்று வந்தது. கீழே உமி கொட்டியது. அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டான். அவள் நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் ஊற்றும் புனலின் கீழ்வாயை விரலால் அடைத்துக்கொண்டு, தண்ணீரை ஓரமாகச் சாய்த்து ஊற்றினாள். தண்ணீர் சுற்றியது. ஒரு சிட்டிகை மணலைப் போட்டாள். அது சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியது. நடுவில் நேராக ஊற்றினால் சுற்றவில்லை. இதைப் பலமுறை செய்து பார்த்த பிறகுதான் புருஷனிடம் சொன்னாள்.

அவனுக்கும் தூசியில் மரத்தில் போட்ட கோடு தெரியாமல்தான் இருந்தது. "என் காசு கேக்காம இன்னா வேணா பண்ணிக்கோ" என்றான்.

கூனிமேட்டில் நசுருதீன் என்று ஒரு தகரவேலைக்காரர் இருந்தார். புனல், வாளி, பூவாளி எல்லாம் அடிப்பார். இன்னாசியம்மாள் தான் வளர்த்த கோழிகளை ஒரு கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். மண்தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாள்.

"குழாயை நடுவுல வச்சிடலாமா அக்கா? சோல்டர் வைக்க லேசா இருக்கும்."

"நடுவுல வேணாம் பாய். ஓரத்துல, செவுத்தை ஒட்னாப்புல உள்ள பூரணும். அப்பத்தான் சுத்தும்."

ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்று கீழே. அதன் மூடிமேல் கூம்பு, கூர் கீழே இருக்கும்படி. கூம்பின் அகன்ற மேல்பக்கத்து நடுவில் காற்று வெளியேறும் குழாய். அந்தக் குழாயின் மறுமுனையில் காற்றை இழுத்து வெளியே தள்ள, கொல்லுப்பட்டறையிலிருந்து நசுருதீன் வாங்கிவந்த பழைய ப்ளோயர். ரம்பத்துக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி வைத்து, அங்கிருந்து கூம்பின் பக்கவாட்டுக்கு இன்னொரு குழாய். எல்லாவற்றையும் பின்னறையிலேயே பொருத்தினார்கள்.

முதல் நாள் ஓட்டியபோது கீழே விழவேண்டிய தூள் எல்லாம் ப்ளோயர் வழியாக அறைக்குள் அடித்தது. சிலுவைமுத்து தலை முழுக்க மாவு பூசியவன்போல் நின்றான். முதலில் சிரித்தான். பிறகு கூம்பைக் காலால் உதைத்து நசுக்கிவிட்டுப் போனான்.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். உள்ளே வரும் வாயும் வெளியே போகும் வாயும் ஒரே உயரத்தில் இருந்தன. சுற்றுவதற்கு முன்னாலேயே தூள் வெளியே ஓடிவிடுகிறது. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, மேல்குழாயைக் கூம்புக்குள் நன்றாகக் கீழே இறங்கும்படி நீட்டித் தரச்சொன்னாள். அப்போதும் பாதித் தூள் தப்பியது. ஊதுவத்தியைக் கொளுத்தி டிரம்மைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தாள். மூடியின் விளிம்பில் ஓரிடத்தில் புகை சட்டென்று உள்ளே இழுபட்டது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று நுழைந்து, விழுந்த தூளைத் திரும்ப மேலே தூக்குகிறது என்று புரிந்தது. பழைய சைக்கிள் டியூபை அறுத்து மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

மறுபடி ரம்பத்தை ஓட்டினார்கள். கூம்புக்குள் மணல் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம் சுற்றிக்கொண்டே இருந்தது. பலகை அறுபட்டது. இன்னாசியம்மாளுக்கு எதிர்ச்சுவர் தெரிந்தது. அதில் மாட்டியிருந்த மாதா படத்தின் கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"அடேங்கப்பா" என்றார் நசுருதீன். சிலுவைமுத்து அடுத்த பலகையை எடுத்துக் கொடுக்கச் சொன்னான்.

அந்த மாதம் அவள் படுத்துத் தூங்கினாள். மாடிப்படி ஏறுவதுபோல் மூச்சு வாங்காமல் குடத்தைத் தூக்கினாள். பாட்டுக்கூடப் பாடினாள் என்று பக்கத்து வீட்டு ஆனந்தம்மாள் சொல்வாள்.

ஊரில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன வருஷம் அது. டீக்கடைக்காரர்களும் ஆஸ்டல்காரர்களும் மரத்தூள் அடுப்புக்கு மாறினார்கள். யாரோ ஒருவர் வந்து தூள் கிடைக்குமா என்று கேட்டபோதுதான் சிலுவைமுத்து டிரம்மைத் திறந்து பார்த்தான். மண்ணோ சிராயோ கலக்காத சுத்தமான தூள். ஒரே வாரத்தில் தச்சுவேலையைப் பாதியாகக் குறைத்தான். கழித்துப்போட்ட படகுகளின் பலகையை அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து விறகாகவும் தூளாகவும் அறுத்துத்தள்ளினான்.

டிரம் நிரம்பிக்கொண்டே இருந்தது. அதை அள்ளிச் சாக்கில் போட்டு மிதித்துக் கட்டுவது இன்னாசியம்மாளின் வேலை. வெளியே கொண்டுபோய் அள்ளுகிறேன் என்றாள். காற்றில் பறந்தால் விற்பனை நஷ்டம், சிங்காரமும் சண்டைக்கு வருவார் என்று அவன் விடவில்லை. பின்னறையின் வெளிக்கதவைச் சாத்திவிட்டு அள்ளவேண்டும். படகில் பூசியிருந்த பழைய பெயிண்டின் தூள் தொண்டையில் மிளகாய்போல் எரிந்தது. முன்பு அறை முழுக்கப் பரவியிருந்த தூசி இப்போது ஒரே இடத்தில் சேர்ந்து அவள் முகத்துக்கு நேரே எழுந்தது.

"என்னால முடியலீங்க. ஒரு ஆளைப் போட்டுக்கலாமே."

"நீ பண்ண மிசினுதானே? நீயே அள்ளு."

டிரம்முக்குப் பதிலாகக் கூம்பின் அடியில் சாக்கையே இறுக்கிக் கட்டிவிட்டால் அள்ளவே வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. நசுருதீனுக்குச் சொல்லியனுப்பினாள். அவர் வந்து குனிந்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது சிலுவைமுத்து உள்ளே வந்தான்.

"பாயோட இன்னாடி குசுகுசுன்னு?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உப்பு வாரும் பலகையால் முதுகில் அடித்தான். நசுருதீன் குறுக்கே வந்தார்.

"அண்ணே, வாணாம்ணே. பொம்பள மேல கைய வைக்காதீங்க."

"என் பொண்டாட்டி, நான் அடிக்கிறேன். நீ யாரு? இன்னும் ரெண்டு அடி போட்டாத்தான் போவியா?"

சொன்னபடியே இன்னும் இரண்டு அடி அவளை அடித்தான். தான் நின்றால் அவளுக்குத்தான் விழும் என்று தெரிந்து நசுருதீன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். சாக்கு கட்டும் யோசனை அதோடு போயிற்று.

படகுப் பலகைகளில் ஆணி இருக்கும். துருப்பிடித்து மரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அறுப்பதற்கு முன் இன்னாசியம்மாள் பலகையைத் தடவிப் பார்த்து ஆணிகளைப் பிடுங்குவாள். அதற்கு நேரமாகிறது என்று அவன் திட்டுவான். அன்று காலை ஆஸ்டலுக்கு மூட்டை அனுப்பவேண்டியிருந்தது. தடவிப் பார்க்காத பலகையை அவனே எடுத்து ரம்பத்தில் கொடுத்தான். கிறீச் என்ற சத்தத்தோடு ஒரு கொத்துப் பொறி பறந்தது. பறந்த வேகத்திலேயே குழாய் அதை இழுத்துக்கொண்டது.

அவன் தொடர்ந்து அறுத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் டிரம்மின் மேல் கைவைத்தாள். சூடாக இருந்தது. மூடி ஓரத்தில் கருகல் நாற்றம் வந்தது.

"ஏங்க, நிறுத்துங்க. உள்ள கங்கு இருக்குது. மூடியத் தொறக்காதீங்க. காத்து போவாம இருந்தா தானா அவிஞ்சிடும். நாளைக்கு அள்ளிக்கலாம்."

அவன் மோட்டாரை நிறுத்தினான். "அள்றதுக்குச் சோம்பேறித்தனம். அதுக்கு இன்னா கதை கட்றா பாரு."

"சத்தியமா சொல்றேங்க, கை வச்சிப் பாருங்க."

அவளைத் தள்ளிவிட்டு அவனே குனிந்தான். டியூபை உருவினான். மூடியின் இடுக்கில் உளியைக் கொடுத்து நெம்பினான். காற்று உள்ளே போனதும் டிரம்முக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஒரு தீ எழுந்து அவன் முகத்தை மூடியது.

அவள்தான் ஈரச் சாக்கை அவன் தலையில் போட்டு அமுக்கினாள். பானைத் தண்ணீரை ஊற்றினாள். காலைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். அவனுடைய தம்பி சவரிமுத்து வண்டி பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனான். உயிர் தங்கியது. இரண்டு கண்ணும் போயிற்று.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, பார்க்க வந்தவர்களிடம் சிலுவைமுத்து சொன்னான்: "அவதான் உள்ள நெருப்பு வச்சிட்டு என்னத் தொறக்க வச்சா."

ஊர் நம்பியது. அடிவாங்கிய பெண் அப்படிச் செய்யக்கூடியவள்தான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அடித்ததை அவர்கள் எல்லோரும்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து தன் பங்கு என்று சொல்லி மோட்டாரையும் ரம்பத்தையும் ப்ளோயரையும் எடுத்துக்கொண்டு போனான். கூம்பைத் தெருவில் போட்டுக் கடப்பாறையால் பாம்பை அடிப்பதுபோல் அடித்து, உப்பளத்து வாய்க்காலில் எறிந்தான். இன்னாசியம்மாள் வாசல்படியில் நின்று பார்த்தாள். அழவில்லை.

பிறகு சிங்காரத்தின் பாத்தியில் உப்புச் சுமக்கப் போனாள். கூடையைத் தூக்கிச் சில அடி நடந்து நிற்பாள், மூச்சு வந்ததும் நடப்பாள். மற்றப் பெண்கள் தாமதித்தால் வாய்க்கு வந்தபடி ஏசும் கங்காணி அவளை ஒன்றும் சொல்லமாட்டான். தண்ணீர்க் குடத்தருகே அவள் வந்தால் மற்றவர்கள் விலகி வழிவிடுவார்கள்.

வீட்டில் சிலுவைமுத்து ஒவ்வொரு வேளையும், "இதுல இன்னா கலந்த?" என்று கேட்பான். முதலில் அவள் ஒரு வாய் எடுத்துத் தின்று, மெல்லும் சத்தம் அவனுக்குக் கேட்கும்படி காட்டுவாள். அப்புறம் ஒருநாள் அப்படிச் செய்வதை நிறுத்தினாள். தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் நெடுநேரம் தட்டின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் பசி தாங்காமல் தின்றான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவன் அவள்மேல் கை ஓங்கவே இல்லை.

நசுருதீன் ஒருநாள் சந்தையில் அவளைப் பார்த்தார். நடந்ததை முழுவதும் அவள் வாயால் கேட்டார்.

"அல்லா! தொறக்காதன்னு சொன்னவ நீ. இத உங்க கோயில் சாமியார்கிட்டயாவது சொல்லக்கூடாதா அக்கா? ஊரு பேசறது தப்புன்னு தெரியட்டுமே."

"வாணாம் பாய். நான் எரிச்சேன்னு நெனைக்கிற வரைக்கும்தான் என்ன யாரும் தொடமாட்டாங்க."

அடுத்த மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றது. அவளுடைய மூச்சு மிகவும் மோசமானது. ஒரு நாள் பானை நிறையச் சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அவன் கைக்கு எட்டும் இடத்தில் உப்பை வைத்தாள். எதுவும் சொல்லாமல் திண்டிவனம் பஸ் ஏறி, பெருமுக்கல்லில் இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போனாள். சிலுவைமுத்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக் கிடந்ததைச் சவரிமுத்து வந்து பார்க்கச் சில நாளாயிற்று. பானைச் சோறு தொடாமல் புளித்து நுரைத்துக் கிடந்தது. அவள் போய்விட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, தான் சாப்பிடுவதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறான்.

சவரிமுத்து அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு கட்டிலைப் போட்டான். அவளைத் திருப்பி அனுப்பச்சொல்லிப் பெருமுக்கல்லுக்கு ஆள் போனபோது இன்னாசியம்மாள் வெளியே வரவில்லை.

அவள் 1979இல் இறந்தாள். கடைசி வருஷங்களில் மல்லாந்து படுத்துத் தூங்க முடிந்தது என்று அண்ணன் மனைவி சொன்னாள். பெருமுக்கல்லிலேயே புதைத்தார்கள். மரக்காணத்திலிருந்து சவரிமுத்து மட்டும் வந்து, அவள் பேரில் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனான். ஊர் திரும்பி, செய்தியைச் சிலுவைமுத்துவிடம் அவன்தான் சொன்னான்.

சிலுவைமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "நல்லா பாத்தியாடா? உள்ள வச்சி மண்ணு போட்டாங்களா?" என்று கேட்டான்.