சூசை வீட்டு ஒப்பாரியும் மறுநாள் பேப்பரும்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்களை எப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். பெஞ்சில் கிடத்தியிருந்த சூசை. தலைமாட்டில் அவர் மனைவி அற்புதம். கால்மாட்டில் அவருடைய அம்மா. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கோயில் உபதேசியார். சூசையோடு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த தேவராஜ். ஒப்பாரி வைத்த நாலு பெண்கள். தண்ணீர்ச் செம்போடு நான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ஒரு நிருபர்.

ஊதுவத்திப் புகையையும் மீறிக் களிமண் வாசனை வந்தது... சூசையின் வேலைச் சட்டை இன்னும் கொடியிலேயே தொங்கியது.

முந்தின நாள் விடியும் முன்னால் விளைந்த நிலக்கடலையைப் பார்க்க மல்லாட்டைக் கொல்லைக்குப் போனவரைக் காட்டுப்பன்றி குத்திவிட்டது. விருத்தாசலம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் கல்யாணமாகி வந்த புதிது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் கொல்லைக்குப் போன அன்று, விடியும் முன்னால், அற்புதம் அவரை எழுப்பியது என் காதில் விழுந்தது. "எந்திரிங்க, பன்னி பூந்துடப் போவுது. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க." எந்த வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நிருபர் நல்ல பிள்ளை. வெளியூர். மெதுவாகத்தான் கேட்டார். "மனைவி ரெண்டு வார்த்தை பேசுவாங்களாங்க?"

"இருக்கற நெலமைல எப்பிடி தம்பி பேசுவாங்க. செத்த பொறுங்க" என்றார் உபதேசியார்.

தேவராஜ் முன்னால் வந்தார். "எம் பேரு தேவராஜ், எழுதிக்கங்க. பன்னிய மொதல்ல பாத்ததே நான்தான்."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அழுகையை நிறுத்தினாள். "நீ எங்கய்யா பாத்த? நீ எந்திரிச்சி வந்தப்ப ஆம்புலன்ஸே போயிடுச்சி." சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுதாள். தேவராஜ் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்.

நிருபர் பொறுமையாக நின்றார். அப்போதுதான் அற்புதம் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"போவாத ராசா போவாதன்னு சொன்னனே... பொழுது விடியலன்னு சொன்னனே... எம்பேச்ச தட்டிப்புட்டுப் போனியே..."

நிருபரின் பேனா ஓடியது. நானும் பார்த்தேன். வந்தவர்கள் பெயரைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் இந்த ஒப்பாரி அடி இல்லாத சாவு இல்லை. படுக்கையிலேயே கிடந்து இறந்தவருக்கும் "போவாதன்னு சொன்னனே"தான். உயிரோடு இருந்தவரை சூசையை 'நீங்க' என்றுதான் அற்புதம் கூப்பிடுவாள். ஒப்பாரியில்தான் 'நீ' வந்தது. இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. 'எச்சரித்தும் கேட்காமல் சென்றார்: மனைவி கண்ணீர்.' உபதேசியார் வாசித்துக் காட்டினார். மாமியார், சூசையின் அம்மா, அற்புதத்தின் தலையைத் தடவிக்கொடுத்தார். "பாவம், மருமவ சொல்லித்தான் பாத்திருக்கா. எம்புள்ளதான் கேக்கல."

அற்புதம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சில நாள் கழித்து நஷ்டஈட்டு விசாரணைக்கு வனத்துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கையில் அந்தப் பேப்பர். "பன்னி நடமாட்டம் தெரிஞ்சே போயிருக்காருன்னு ஆவுதேம்மா. நீங்க வேணாம்னு சொல்லியும் போனாரா?"

முறையான கேள்விதான். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றால் செத்தவர் மேல் தப்பு. இல்லை என்றால்... அற்புதம் என்னைப் பார்த்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள் நான் ஒருத்திதானே. என்னைக் கேட்டுவிடுவாரோ என்று முந்தானைக்குள் ஜெபமாலை மணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளே சொன்னாள். "நான்தான் சார் எழுப்பி அனுப்பனேன்."

"அப்ப பேப்பர்ல வந்தது?"

"அது அழுவைல சொல்றது, சார்."

அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே மாமியார் பையை எடுத்துக்கொண்டு மங்கலம்பேட்டையில் இருந்த மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் வந்து தங்கவே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து ஏன் இதை எழுதுகிறேன் என்று கேட்பீர்கள்.

என் மகள் இப்போது ஒரு சேனலில் நிருபர். நல்லூர்ப் பக்கம் பன்றி குத்தி ஒருவர் இறந்துவிட்டார் என்று காலையில் போனாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அம்மா, வைஃப் பேச மாட்டேன்னுட்டாங்க. ஆனா அழுவும்போது போவாதன்னு சொன்னனேன்னு சொல்றாங்க, வீடியோல கெடச்சிடுச்சி. ஆபீஸ்ல அதையே தலைப்பா வெக்கலாம்னாங்க."

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய... அவள் வளர்ந்தபோது எங்கள் தெருவில் ஃப்ரீசர் பாக்ஸ் வந்துவிட்டது. மைக் செட்டில் பாட்டுப் போடுகிறார்கள், ஒப்பாரி வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். படிக்கிற பிள்ளை என்று நானும் சாவு வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போனதில்லை. அப்போதெல்லாம் ஒரு சொல் பேப்பரில் ஏற ஒரு ராத்திரியாவது ஆகும். இப்போது பிணம் வீட்டில் இருக்கும்போதே ஊர் முழுக்கப் போய்விடுகிறது. அந்தப் பெண் காலையில் தன் புருஷனிடம் என்ன சொன்னாளோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

அற்புதத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுக்கா, எங்க பேர மட்டும் மாத்திடு" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

மகள் போனை எடுக்கவில்லை. நான் அனுப்பிய மெசேஜையும் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் ஃபேஸ்புக்கில் நான் என்ன போஸ்ட் போடுகிறேன் என்று மட்டும் தவறாமல் பார்ப்பாள்.

பாப்பா, அந்த அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து ஒரு தடவை கேள். கேட்காமல் அந்தத் தலைப்பைப் போடாதே. ஆபீஸுக்கு அனுப்பிவிட்டாயா, இல்லையா? சீக்கிரம் பதில் சொல்.