ஆர்லோ ஏற்றிய சூடு

வடக்கு டகோட்டாவில் சிவப்பாற்றுப் பக்கம் ஆர்லோ ட்வெட்டின் பட்டறை எங்கே என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவர். ஒருத்தர் தயவும் இல்லாமல் எழுப்பிய பட்டறை. லாரி இருமுகிற இருமலிலேயே நோயைச் சொல்லிவிடுவார். அவரைக் குறை பேசுகிறவர்கள் முதலில் ஒரு பட்டறையைக் கட்டட்டும், பிறகு பேசட்டும்.

அவர் தங்கை புருஷன் கெர்மிட் சுண்ட்பிக்குச் சொத்து ஒரே ஒரு லாரி. அக்டோபரில் சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை வந்தால் வயலுக்கும் ஆலைக்குமாக ஓய்வில்லாமல் ஓட வேண்டும். வரிசையில் லாரி படுத்துவிட்டால் பண்ணைக்காரர் வேறு லாரியை அழைப்பார். அடுத்த வருஷமும் கூப்பிட மாட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கெர்மிட் சிக்கனம் பிடித்தான். வீட்டைக் கதகதப்பாக்க வாங்கி, நிலவறையில் வருஷக்கணக்காகக் கிடந்த எண்ணெயை லாரிக்கு ஊற்றினான். அதில் கந்தகம் அதிகம். புகைக்குழாயில் நச்சை வடிக்கும் கேட்டலிஸ்ட்டில் கந்தகம் அப்பிக்கொள்ள, லாரி நத்தையாக ஊர்ந்தது.

"வீட்டுக்கு ஊத்துறதை லாரிக்கு ஊத்துனியா? அதுக்கு வீட்டையே ஓட்டிட்டு வந்திருக்கலாமே, மாப்ளே!" என்றார் ஆர்லோ. பட்டறையே சிரித்தது.

கந்தகத்தைச் சூடேற்றித்தான் விரட்ட வேண்டும். அளவான சூட்டில், விட்டு விட்டுச் செய்தால் இரண்டு நாள். சூட்டைக் கூட்டினால் மதியத்துக்குள் முடியும். ஆனால் உள்ளே பூசிய பிளாட்டினத் தூள் திரண்டுபோய், கேட்டலிஸ்ட் அன்றே கிழடு தட்டும்.

"ரெண்டு நாள் நின்னா என் இடம் போச்சு. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, மச்சான்."

தங்கையின் கல்யாண விருந்தில், "ஆர்லோ பக்கத்துல உக்காந்தா கேக்குகூட கிரீஸ் நாறுது" என்று இதே கெர்மிட் சொன்னதை ஆர்லோ மறக்கவில்லை. எச்சரிக்க ஒரு வார்த்தை போதும். அதை விழுங்கிவிட்டுச் சூட்டைக் கூட்டினார்.

லாரி கன்றுக்குட்டியாகத் துள்ளிப் போனது. சில நாளில் மறுபடி ஊர்ந்துகொண்டு திரும்பி வந்தது. இந்தத் தடவை இன்னும் கூட்டினார். மறு வாரம் ஆலை வாசலில், வரிசை முழுக்கப் பார்த்திருக்க, அது ஒரேயடியாகப் படுத்தது. பண்ணைக்காரர் ஓடகார்ட் உடனே வேறு லாரியை அழைத்தார். வந்தது ஆர்லோவின் லாரி.

"தெரிஞ்சேதானே செஞ்சீங்க?" என்றான் கெர்மிட்.

"சீக்கிரம்னு கேட்டே, குடுத்தேன். என் லாரிக்கு டிரைவர் வேணும். வர்றியா?"

கெர்மிட் சாவிக்குக் கை நீட்டினான்.

"ஏறுறதுக்கு முன்னாடி பூட்ஸைத் தொடைச்சுக்க," என்றார் ஆர்லோ.